அப்பா நம்பரிலிருந்து மிஸ்டு கால்: ஆவி பேசுமா? பேசினால் உருப்படியாக ஏன் ஒன்றும் சொல்வதில்லை?

வெட்டாற்றுக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பேய் இருக்கிறதா இல்லையா என்று இங்கே ஏற்கெனவே எத்தனையோ திரி ஓடி, கடைசியில் சண்டையாகிப் பூட்டப்பட்டிருக்கிறது, தெரியும். என் கேள்வி கொஞ்சம் வேறு, பொறுமையாகப் படியுங்கள்.

ஊர் வலங்கைமான் பக்கம். அப்பா போன வருஷம் ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு போய்ச் சேர்ந்துவிட்டார், மாரடைப்பு. நான் திருப்பூரில் இருக்கிறேன், அம்மா ஊரில் தனியாக. அப்பாவின் போனை அணைத்து பீரோவில் வைத்ததோடு சரி, ரீசார்ஜும் செய்யவில்லை. மாசி மாதம் ஒரு நாள் விடியற்காலையில் அம்மாவின் போனுக்கு அதே நம்பரிலிருந்து மிஸ்டு கால். அம்மா அப்பாவின் பெயரைச் சொல்ல மாட்டார், அதனால் அந்த நம்பரை 'அவங்க' என்று பதிந்து கொடுத்திருந்தேன். திரையில் 'அவங்க' என்று வந்திருக்கிறது. பீரோவைத் திறந்து பார்த்தால் போன் வேட்டிக்கு அடியில் வைத்த மேனிக்கு அணைந்து கிடக்கிறது. சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டியபோது, அப்பாவின் படம் இருந்த இடத்தில் ஒரு கைக்குழந்தையின் படம். முடிந்தது கதை. "திரும்பிப் பொறந்துட்டாங்க, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டாங்க" என்று அம்மா முடிவே கட்டிவிட்டார்.

இதற்கு முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டுதான் வந்தது. கருமாதி அன்று வைத்த சோற்றைக் காக்கா தொடவில்லை, கூரை ஓட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. பெரியவர்கள் எல்லாம் "ஏதோ குறை இருக்கு" என்று முணுமுணுத்தார்கள். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்கிறது என்கிறார் அம்மா. அப்பாவின் சைக்கிளை விற்றே ரொம்ப நாளாகிறது. பன்னீர்ப்புகையிலை வாசனையும் வருகிறதாம்.

சரி, இதில் நான் அம்மாவோடு சண்டை போடவில்லை. எனக்குள்ள குடைச்சல் வேறு. அப்பா குறுவைச் செலவுக்காக அம்மாவின் ரெட்டைவடச் சங்கிலியை அடகு வைத்தார். கூட்டுறவு சங்கமா, பேங்கா, எந்த பேங்க், எந்தக் கிளை, ஒன்றும் தெரியாது. ரசீதைத் தேடாத இடமில்லை. இந்த மனுஷர் ஆவியாக வந்து ஸ்டாண்டு போடுகிறார், புகையிலை போடுகிறார், மிஸ்டு கால் கொடுக்கிறார், மறுபிறவி எடுத்து டிபி கூட மாற்றுகிறார், ஆனால் ரசீது எங்கே என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறார்! அம்மா பக்கத்து ஊரில் குறி சொல்லும் ஓர் அம்மாவிடம் போய்க் கேட்டிருக்கிறார். அந்த அம்மா மேல் அப்பா இறங்கிப் பேசினாராம். ரசீதைப் பற்றிக் கேட்டதற்கு "மஞ்சள் பட்ட இடத்தில் இருக்கு" என்று பதில். எங்கள் வீட்டில் மஞ்சள் படாத இடம் எது? நிலைப்படி, சாமி மாடம், அடுப்படி, உரல், அரிசிப் பானை எல்லாம் மஞ்சள்தான்.

ஆக, செத்தவர் சொன்னதாக வரும் செய்திகளில் உயிரோடிருப்பவர் யாருக்கும் தெரியாத ஒரு தகவல் எப்போதாவது, எங்கேயாவது, சரிபார்க்கும்படியாக வந்திருக்கிறதா? கேலி செய்வதற்காகக் கேட்கவில்லை. அந்த போன் விஷயத்துக்கு விளக்கம் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.


சிம்கார்டு சித்தன் எழுதியது:

திருத்துறைப்பூண்டியில் மொபைல் கடை வைத்திருக்கிறேன். உங்கள் கதை போல வருஷத்துக்கு நாலு பேராவது கடைக்கு வந்து முகம் வெளுத்து நிற்பார்கள்.

ப்ரீபெய்டு நம்பரில் தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், பேலன்ஸும் இல்லாமல் இருந்தால் கம்பெனிக்காரன் அதைத் துண்டிக்கலாம். துண்டித்த பிறகு குறைந்தது 90 நாள் யாருக்கும் கொடுக்கக்கூடாது, அப்புறம் புது சிம்மாக வேறு ஆளுக்கு விற்றுவிடுவார்கள். ஆடிப்பெருக்கிலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள், தை பாதி தாண்டி வந்து நிற்கும். மாசியில் புது ஆள் கையில் இருக்கிறது, எல்லாம் பொருந்துகிறது. வாட்ஸ்அப்பும் அப்படித்தான், பழைய கணக்கு 45 நாள் அசையாமல் கிடந்து அதே நம்பர் வேறு போனில் பதிவானால் நம்பர் கைமாறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு பழைய படத்தை எல்லாம் அழித்துவிடும். பிறகு வாங்கியவர் தன் பிள்ளை படத்தை வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் புது ஆள் உங்கள் அம்மாவின் நம்பருக்கு ஏன் கூப்பிட வேண்டும்? அவருக்கு அந்த நம்பர் எப்படித் தெரியும்? இங்கேதான் ஒரு விஷயம். அம்மா அந்த நம்பருக்கு எப்போதாவது போன் போட்டாரா என்று பாருங்கள். கேட்க வேண்டாம், கால் லிஸ்ட்டைப் பாருங்கள்.


நம்பினால் நம்புங்கள் எழுதியது:

உடனே சிம்கார்டு, 90 நாள், 45 நாள் என்று வந்துவிடுவீர்கள். சைக்கிள் ஸ்டாண்டு சத்தத்துக்கு எந்த கம்பெனி சிம்? எங்கள் பாட்டி போவதற்கு முதல் நாள், எப்போதோ செத்துப்போன தன் தம்பி பெயரைச் சொல்லி "வந்து நிக்கிறான் பாரு, உக்காரச் சொல்லு" என்றார். சொன்னது மாதிரியே மறுநாள் போய்விட்டார். இதை நான் கண்ணால் பார்த்தேன், யாரும் எனக்குச் சொன்னதல்ல. ஊர் உலகமே உண்டு என்று சொல்வதை இல்லை என்பவனைப் பேய்க் கணக்கில் வைக்க வேண்டும் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார், 850-வது குறள், எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள். 'எப்பொருள் யார்யார்வாய்' என்ற 423-ஐத் தூக்கிக்கொண்டு யாரும் வர வேண்டாம், அதுவும் எனக்குத் தெரியும்.


பழைய கருப்புச்சட்டை எழுதியது:

850 எந்த அதிகாரத்தில் வருகிறது என்று பார்த்தீர்களா சார்? புல்லறிவாண்மை. அரைகுறை அறிவை வைத்துக்கொண்டு எல்லாம் தெரியும் என்று ஆடுகிறவனைப் பற்றிய பத்துக் குறளில் கடைசி. அது எங்களுக்கும் பொருந்தும், குறி சொல்பவர்களுக்கும் பொருந்தும், யாருக்குப் பொருந்துகிறது என்று பார்க்கத்தான் சோதனை வேண்டும் என்கிறோம்.

வெட்டாற்றுக்காரன் கேட்டது சரியான கேள்வி. நான் இத்தனை வருஷம் கூட்டங்களில் பேசியும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை. "ரசீது எங்கே?" இந்தக் கேள்வியைத்தான் நம்பிக்கையாளர்களே வேறு வடிவத்தில் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1882-ல் லண்டனில் ஆவி ஆராய்ச்சிக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதை நிறுவியவர்களில் ஒருவர் மையர்ஸ். அவர் என்ன செய்தார் என்றால், ஒரு செய்தியை எழுதி உறையில் போட்டு முத்திரை வைத்து, ஆலிவர் லாட்ஜ் என்ற இயற்பியல் அறிஞரிடம் கொடுத்து வைத்தார். செத்த பிறகு யார் மூலமாவது வந்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிறேன், அப்போது உறையைப் பிரித்து ஒப்பிடுங்கள் என்று ஏற்பாடு. 1901-ல் இறந்தார். கேம்பிரிட்ஜில் ஓர் அம்மையார் ஆவேசத்தில் கை தானாக எழுதுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதி, உறையில் இருப்பது இதுதான் என்றார். 1904-ல் எல்லாரையும் உட்கார வைத்து உறையைப் பிரித்தார்கள். பொருந்தவே இல்லை. இதைச் செய்தவர்கள் நாத்திகர்கள் இல்லை, கவனியுங்கள். ஆவி உண்டு என்று உயிரையே வைத்திருந்தவர்கள். அந்த நேர்மைக்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

வித்தைக்காரர் ஹூடினியும் அப்படித்தான், மனைவியோடு ரகசியக் குறியீடு ஒன்று பேசி வைத்துக்கொண்டு 1926-ல் இறந்தார். 1929-ல் ஆவியோடு பேசுவதாகச் சொல்லும் மீடியம் ஒருவர் அந்தக் குறியீட்டைச் சொல்லிவிட்டார் என்று ஊரெல்லாம் ஒரே பரபரப்பு, பார்த்தால் அது முந்தைய வருஷமே வெளியான ஒரு வாழ்க்கை வரலாற்றில் அச்சாகியிருந்தது. மனைவி பத்து வருஷம் ஒவ்வொரு நினைவு நாளிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு 1936-ல் போதும் என்று நிறுத்திவிட்டார்.

நம் பக்கத்துக்கு வந்தால் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர். திருவல்லாவில் பிறந்து இலங்கைக்குப் போய்த் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். 1963-ல் லட்ச ரூபாய் பரிசு அறிவித்தார். மோசடிக்கு இடமில்லாத ஏற்பாட்டில் ஏதாவது ஓர் அற்புதம் செய்து காட்ட வேண்டும், அவர் போட்ட பட்டியலில் ஒன்று, மூடி முத்திரை வைத்த உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல்வது. எவ்வளவு சின்ன வேலை! 1978-ல் அவர் சாகும் வரைக்கும் யாரும் அந்தப் பணத்தை வாங்கவில்லை. மஞ்சள் பட்ட இடம் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு நோட்டு நம்பர் சொல்லத் தெரியவில்லை.

குறி சொல்கிறவர்களைத் திட்டுவதில் எனக்கு இப்போது ஆர்வம் குறைந்துவிட்டது. பாதிப் பேர் தாங்கள் சொல்வதைத் தாங்களே நம்புகிறார்கள். "பாதியில் நின்ன காரியம் ஒன்னு இருக்கு", "வயித்துல ஒரு உபாதை இருந்துச்சு", "ரத்த சொந்தத்துல ஒருத்தர் மேல வருத்தத்தோட போனார்" என்றால் எந்தச் செத்தவருக்குப் பொருந்தாது? 1948-ல் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் 39 மாணவர்களுக்கு உன் குணம் இதுதான் என்று தனித்தனித் தாள் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னார். 5-க்குச் சராசரி 4.26 போட்டார்கள். எல்லார் தாளிலும் ஒரே வாசகம்தான், ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

இன்னொன்று, கல்லூரி ஹாஸ்டலில் தம்ளரைக் கவிழ்த்து ஆவி கூப்பிட்ட அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். எங்கள் அறையில் ஒருவன் தன் அப்பாயியைக் கூப்பிட்டான். கைநாட்டு வைக்கிற அப்பாயி. அட்டையில் ஏ, பி, சி, டிதான் எழுதியிருந்தோம், தமிழ் என்றால் 247 எழுத்துக்கு எங்கே இடம்? அப்பாயி வந்து இங்கிலீஷில் ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளி, அவன் பாஸாகிவிடுவான் என்று சொன்னார். இங்கிலீஷில் அரியர் வைத்திருந்தவன் அவன், அந்தப் பேப்பரையாவது அப்பாயியை எழுதச் சொல்லியிருக்கலாம். இந்தத் தம்ளர் ரகசியத்தை ஃபாரடே 1853-லேயே உடைத்துவிட்டார். மேஜை தானாக நகர்கிறது என்று சத்தியம் செய்தவர்களின் கைக்கும் மேஜைக்கும் நடுவே அட்டைகளை இளகிய பசையால் ஒட்டி வைத்துப் பார்த்தார். முதலில் நகர்ந்தது மேல் அட்டை, அதாவது கை. தள்ளியவர்களுக்கே தாங்கள் தள்ளுவது தெரியவில்லை, பொய்யும் சொல்லவில்லை.


தாளடி எழுதியது:

காக்கா விஷயத்துக்கு மட்டும் நான் வருகிறேன், மற்றதெல்லாம் படித்தவர்கள் பேசுங்கள்.

தம்பி, காக்காவுக்கு நம்மைவிட உஷார் அதிகம். கருமாதி அன்று இருபது முப்பது பேர் வரிசையாக நின்று அதையே முறைத்துக்கொண்டு கா கா என்று கத்தினால் எப்படி வரும்? புது ஆட்கள், புது இடம், பந்தல் வேறு. அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம், திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் ஆடி அமாவாசைக்குப் போய்ப் பாருங்கள், பத்து மணிக்கெல்லாம் காக்கா வயிறு நிரம்பி மதில் மேல் உட்கார்ந்து மூக்கைத் தீட்டிக்கொண்டிருக்கும். பதினோரு மணிக்குப் பிண்டம் வைத்தவர் "எங்க அப்பாவுக்கு மனசு வரலையே" என்று அழுதுகொண்டு நிற்பார். முன்னாடியே வந்து வைத்தவர்களின் அப்பாக்கள் எல்லாம் திருப்தியாகப் போய்விட்டார்கள், லேட்டாக வந்தவர் அப்பாவுக்கு மட்டும் குறையா?

உங்கள் அப்பா தினமும் சாப்பிடுவதற்கு முன் காக்காவுக்கு ஒரு பிடி வைக்கிற ஆளாக இருந்திருப்பார் என்று நினைக்கிறேன், எங்கள் வயதில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முகமூடி போட்டுக்கொண்டு காக்காவைப் பிடித்து விட்டுவிட்டுப் பார்த்திருக்கிறார்கள், அந்த முகத்தை வருஷக்கணக்கில் மறக்காமல் வைத்துக் கத்தியிருக்கிறது. அங்கே உள்ள காக்கா வேறு ஜாதிதான், ஆனாலும் நம் காக்காவும் ஆள் பார்க்கும். தெரிந்த முகம் ஒன்று அன்றைக்கு இல்லை, அதனால் கிட்டே வரவில்லை என்றால் எனக்கு அது ஒத்துப்போகிறது.

கருப்புச்சட்டை அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. பேய் என்றால் உடனே மீத்தேன் என்று உங்கள் ஆட்கள் மேடையில் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கொள்ளிவாய்ப் பிசாசு மீத்தேன் வாயுவாம். நடவு வயல் சேற்றில் மீத்தேன் உண்டாகிறது என்பது நிஜம்தான், தண்ணீர் தேங்கி நிற்கிற வயலில் காலை வைத்தால் குமிழி குமிழியாக வரும். ஆனால் மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ளாது, யாராவது நெருப்பு வைக்க வேண்டும். முறைத் தண்ணீருக்காக ராத்திரியெல்லாம் மடையில் உட்கார்ந்திருந்த காலத்தில் நான் பார்த்த கொள்ளிவாய்கள் எல்லாம் கிட்டப் போனால் எலி பிடிக்கிறவர்களின் விளக்கு, இல்லாவிட்டால் நண்டு பிடிக்கிற பையன்களின் டயர் பந்தம். நரிமணம், குத்தாலம் பக்கம் எண்ணெய்க் கிணற்றில் எரியவிடுகிற வாயு மேகத்தில் சிவப்பாகத் தெரியும், அதைப் பார்த்தும் பயந்தவர்கள் உண்டு. மீத்தேன் மீத்தேன் என்று மன்னார்குடி பக்கம் தோண்ட வந்தார்களே, அது அடி ஆழத்தில் நிலக்கரியோடு கிடப்பது, அந்தப் பிசாசை விரட்ட மட்டும் ஊரே கூடிப் போராட வேண்டியிருந்தது!

கூகை கத்தினால் சாவு என்பதும் இப்படித்தான். வெள்ளை மூஞ்சியோடு ராத்திரியில் சத்தமில்லாமல் பறந்து வந்து திடீரென்று கிறீச்சிட்டால் எனக்கே தூக்கிப்போடும். ஆனால் வயலில் எலியை அது ஒழிக்கிற மாதிரி எந்த மருந்தும் ஒழிப்பதில்லை, அது வந்து உட்காரட்டும் என்று நான் வயலில் கம்பு நட்டு வைத்திருக்கிறேன்.


பழைய கருப்புச்சட்டை எழுதியது:

மீத்தேன் பற்றித் தாளடி சொன்னது நியாயம். விளக்கம் சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில் கையில் கிடைத்ததை வீசுவதும் குறி சொல்வது மாதிரிதான்.


கல்யாணமுருங்கை எழுதியது:

கும்பகோணம். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். 'நம்பினால் நம்புங்கள்' தம்பி சொன்ன பாட்டி கதை முழுக்க உண்மையாகத்தான் இருக்கும். கடைசிக் கட்டத்தில் இருக்கிறவர்கள் செத்துப்போன அண்ணன், அம்மா எல்லாம் வந்து நிற்பதாகச் சொல்வதை வார்டில் எல்லாரும் கேட்டிருக்கிறோம். "சிஸ்டர், அவருக்கு ஒரு நாற்காலி போடுங்க" என்பார்கள், நாங்களும் போடுவோம். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை, அவர்கள் முகத்தில் பயமே இருக்காது. ஆனால் வந்தவர் பக்கத்துக் கட்டில்காரர் கண்ணுக்குத் தெரிந்ததில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும், உப்பு குறையும், வலி மருந்து வேறு. அந்த நிலையில் மூளை யாரைக் காட்டும்? பிரியமானவரைத்தான்.

நான் சொல்ல வந்தது உங்கள் அம்மாவைப் பற்றி. சைக்கிள் ஸ்டாண்டு சத்தம், புகையிலை வாசனை, இதற்கெல்லாம் பேயும் வேண்டாம், பைத்தியமும் வேண்டாம். வேல்ஸ் நாட்டில் ரீஸ் என்ற டாக்டர் துணையை இழந்த 293 பேரைத் தேடிப் போய்ப் பேசி, 1971-ல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இப்படி ஏதோ ஓர் அனுபவம். பக்கத்தில் இருப்பது போல, குரல் கேட்பது போல, சிலருக்கு ஆளே தெரிவது போல. ரொம்ப காலம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு அதிகம். அதைவிட முக்கியமானது, பெரும்பாலானவர்கள் அதை அதுவரைக்கும் யாரிடமும் சொன்னதே இல்லை. உங்கள் அம்மா உங்களிடம் சொல்கிறார், அது நல்லது. நீங்கள் சிரித்தால் சொல்வதை நிறுத்திவிடுவார், சத்தம் நிற்காது.

வருஷக்கணக்கில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு சத்தத்தை எதிர்பார்த்துக் காது பழகியிருக்கிறது. தெருவில் எவன் ஸ்டாண்டு போட்டாலும் அது அவர் போட்டதாகத்தான் கேட்கும். தூக்கம், சாப்பாடு சரியாக இருக்கிறதா, வேலையில் மனசு போகிறதா என்று மட்டும் பாருங்கள். தனக்குத்தானே ஏதாவது செய்துகொள்ளச் சொல்லிக் குரல் கேட்டால் அது வேறு, அப்போது குறிக்காரரிடம் போய் நாளைக் கடத்தக்கூடாது, மனநல டாக்டரிடம் உடனே காட்ட வேண்டும். குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைக்கிறவர்கள் கூட இப்போது டாக்டரையும் மாத்திரையையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ரெண்டும் நடக்கட்டும், ஒன்றை நிறுத்திவிட்டு ஒன்று வேண்டாம்.


வெட்டாற்றுக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சித்தன் அண்ணன் சொன்னபடி ஊருக்கு வந்தபோது அம்மாவின் போனை வாங்கிப் பார்த்தேன்.

'அவங்க', 'அவங்க', 'அவங்க' என்று வரிசையாக அழைப்புகள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எல்லாம் இருக்கிறது. பெரும்பாலும் விளக்கு வைக்கிற நேரம். ஸ்விட்ச் ஆஃப் என்று ஒரு பெண் குரல் சொல்லுமே, அதைக் கேட்டுவிட்டு வைத்திருக்கிறார் போல. மாசியில் அந்த மிஸ்டு காலுக்கு முந்தின நாள் சாயங்காலமும் அம்மா அடித்திருக்கிறார், அன்றைக்கு ரிங் போயிருக்கும். எடுக்காமல் விட்டவர் மறுநாள் விடிந்ததும் யார் என்று பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்.

நான் அம்மாவிடம் இதைக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. நம்பர் வேறு ஆளுக்குப் போய்விடும் என்பதை மட்டும் பொதுவாகச் சொன்னேன். "தெரியும், மாரியப்பன் கடையில சொன்னாங்க" என்றார். தெரிந்துகொண்டேதான் குழந்தை படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் அந்தப் படம் மாறியிருக்கிறது, குழந்தைக்கு மொட்டையடித்துச் சந்தனம் தடவியிருக்கிறார்கள். எந்தக் கோயில் என்று அம்மா என்னிடம் கேட்கிறார்.

ரசீது இன்னும் கிடைக்கவில்லை.


புலவர் பூம்புகார் எழுதியது:

ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மேலே இருந்து எல்லாவற்றையும் படித்துவிட்டு எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறீர்கள், எங்கள் ஊர்ச் சுடுகாட்டிலேயே இந்த வழக்கு நடந்திருக்கிறது. மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் வருகிற காதை. சார்ங்கலன் என்ற சிறுவன் வழி தெரியாமல் புகார்ச் சுடுகாட்டுக்குள் நுழைந்து, பேய் ஒன்று ஆடுவதைக் கண்டு பயந்து ஓடிவந்து தாயிடம் சொல்லி உயிரை விடுகிறான். தாய் கோதமை சம்பாபதித் தெய்வத்தைக் கூப்பிட்டு, பேய் என் பிள்ளையைத் தின்றுவிட்டது, என் உயிரை எடுத்துக்கொண்டு அவனைக் கொடு என்கிறாள். தெய்வம் சொல்கிற பதிலைப் பாருங்கள்: அணங்கும் பேயும் உயிரை உண்பதில்லை, அவனுடைய பேதைமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினைதான் கொண்டுபோனது, போன உயிரைத் திருப்பித் தர யாராலும் ஆகாது. கோதமை விடாமல் வாதாடுகிறாள். தெய்வம் மற்ற தெய்வங்களை எல்லாம் வரவழைத்து, யாராலாவது முடியுமா என்று அவள் முன்னாலேயே கேட்டுக் காட்டுகிறது.

பேய் இல்லை என்று சாத்தனார் சொல்லவில்லை, நாத்திகமும் பேசவில்லை. ஆனால் செத்தவன் வந்து ஒரு வார்த்தை பேசினான் என்று எழுதி அந்தத் தாயை ஏமாற்ற அவருக்கு மனசு வரவில்லை. எழுதியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?


நம்பினால் நம்புங்கள் எழுதியது:

பேய் ஆடுவதைச் சிறுவன் கண்டான் என்று உங்கள் மணிமேகலையே சொல்கிறது. நான் அதைத்தானே சொல்கிறேன்? உயிரைத் தின்னாது, இருக்கிறது. அவ்வளவு போதும் எனக்கு.


புலவர் பூம்புகார் எழுதியது:

பத்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன்.


சிம்கார்டு சித்தன் எழுதியது:

வெட்டாற்றுக்காரன் தம்பி, ராத்திரி கடையை மூடும்போது உங்கள் ரசீது ஞாபகம் வந்தது. நகைக்கடன் வாங்கும்போது அப்பா அந்த நம்பரைத்தான் கொடுத்திருப்பார். பேங்க் என்றால் வட்டி கட்டச் சொல்லி, தவணை முடிந்தது என்று எஸ்எம்எஸ் அனுப்பிக்கொண்டே இருப்பான். அந்த எஸ்எம்எஸ் எல்லாம் இப்போது யாருக்குப் போகிறது? அந்தக் குழந்தையின் அப்பனுக்கு. அவனும் யாருடைய கடன் என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டிருப்பான்.

மரியாதையாக ஒரு போன் போட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். எந்த பேங்க் பெயரில் மெசேஜ் வருகிறது என்று மட்டும் கேட்டால் போதும்.


நம்பினால் நம்புங்கள் எழுதியது:

ஆக, அப்பா நம்பரிலிருந்துதான் தகவல் வரப்போகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.


பழைய கருப்புச்சட்டை எழுதியது:

இதை எதிர்பார்த்தேன் :)


சிம்கார்டு சித்தன் எழுதியது:

சிரிப்பெல்லாம் இருக்கட்டும், ஏலத்துக்கு முன்னால் போக வேண்டும். பேங்க் தெரிந்ததும் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு அம்மாவோடு நேரில் போங்கள். வாரிசுச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டு வையுங்கள், தாசில்தார் ஆபீஸிலிருந்து வர நாளாகும். அப்பா பெயரில் வேறு கணக்கு இருந்தால் அதிலும் அந்த நம்பரை எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பையனிடம் தவறிக்கூட ஓடிபி மட்டும் கேட்டுவிடாதீர்கள், பயந்துபோய் உங்களை பிளாக் செய்துவிடுவான்.